காற்றைக் குடித்தாலும் உடம்பு போடுமா?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். என்னோடு நடப்பவர் எங்கள் தெருக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒன்றரை வருடமாக நாள் தவறாமல் நான்கு சுற்று நடக்கிறார். தூறல் விழுந்தால் குடையோடு வந்து நிற்பார். எடை மட்டும் 84 கிலோவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. "காத்தக் குடிச்சாலும் எனக்கு உடம்பு போடுது தம்பி" என்று அலுத்துக்கொள்வார். அவருடைய கூடப்பிறந்த தம்பியோ ராத்திரி பத்து மணிக்கு நாலு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்து இறக்கிவிட்டு, அதே ஒல்லிக்குச்சியாகத் திரிகிறார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே அடுப்புச் சாப்பாடு. அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

சாப்பாடு, உடற்பயிற்சி, பரம்பரை என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எடை ஒரு கணக்கு, உடல் திடம் வேறொரு கணக்கு. எடை மிஷின் காட்டுவது எலும்பு, சதை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் சேர்ந்த மொத்தத்தை. ஃபிட்னஸ் என்று நாம் சொல்கிற திடம் வேறு: மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறுவது, சிலிண்டரைத் தூக்கி வைப்பது, சாப்பிட்டதில் இருக்கிற சர்க்கரையை உடம்பு தேங்கவிடாமல் பயன்படுத்திக்கொள்வது. அண்ணன் இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் செய்யக்கூடாத வேலை அது.

எடைக் கணக்கு வரவு செலவுதான். உணவில் உள்ள ஆற்றலைக் கலோரியில் அளக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, எண்ணெய், நெய் போன்ற கொழுப்பில் 9. செலவுக்கு மேல் வந்தது உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினம் 100 கலோரி மிஞ்சினால்கூட வருடத்தில் சில கிலோ ஏறிவிடும். 100 கலோரி என்பது ஒரு டீயும் சர்க்கரையும்.

செலவுப் பக்கத்தைப் பார்த்தால்தான் ஆச்சரியம். சும்மா பாயில் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு ஓடவும், மூளையும் ஈரலும் வேலை செய்யவும், உடம்பு சூடாக இருக்கவும் ஆற்றல் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதற்கே போய்விடுகிறது. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். மிச்சமிருப்பதுதான் நடை, ஓட்டம், வேலை, எல்லாம். ஐம்பதைத் தொடுகிற, 84 கிலோ உள்ள அண்ணனுக்குப் படுத்துக் கிடக்கவே 1,600 கலோரி போல ஆகும். அவர் வேர்த்து விறுவிறுத்து நடக்கிற நான்கு சுற்று, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், கூடுதலாகச் செலவழிப்பது 250 கலோரி போல. நடை முடிந்ததும் குளத்தங்கரையில் ஒரு டீ, இரண்டு மெதுவடை. ஒரு வடை 100 கலோரிக்குக் குறையாது. ஆக, செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது கணக்கு நேராகிவிடுகிறது. சில நாள் வடை ஜெயித்துவிடுகிறது. "நடந்த களைப்புக்குத்தானே தம்பி" என்பார். அந்தக் களைப்புப் பசியும் உடம்பு ஆடுகிற ஆட்டத்தில் ஒன்றுதான். செலவு கூடினால் பசியைக் கூட்டியோ, மற்ற நேரத்து நடமாட்டத்தைக் குறைத்தோ ஈடுகட்டப் பார்க்கும்.

அப்படியென்றால் நடை வீணா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் பஸ்ஸில் இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எட்டு மணி நேரம் ஒரே சீட்டில். கண்டக்டர் முன்னும் பின்னுமாக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நின்றபடியே. லண்டனின் இரண்டு தட்டு பஸ்களில் கண்டக்டருக்கு மாடிப்படி வேறு. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் அங்கே டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் முடிவை வெளியிட்டார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. உடம்பை அசைக்கிற வேலைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை அத்தனை பெரிய கணக்கில் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

அப்போது ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. குண்டானவர்கள்தான் உட்காருகிற வேலையைத் தேடிப் போகிறார்களோ? மாரிஸ் யூனிஃபார்ம் தைத்த அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். சந்தேகம் சரிதான், டிரைவர்களின் இடுப்பளவு, வேலையில் சேரும்போதே கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் கண்டக்டர்களே தப்பித்தார்கள். ஒல்லிக் கண்டக்டர் ஒல்லி டிரைவரைவிட, தொந்திக் கண்டக்டர் தொந்தி டிரைவரைவிட. அதாவது எடை குறையாவிட்டாலும் அசைவின் பலன் வந்து சேர்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்ன அன்றைக்கு அவர் ஐந்தாவது சுற்றும் வந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது? தொடர்ந்து நடந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. சதைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. வேலை செய்கிற சதை, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைவது இதனால்தான். குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு, தராசு முள் அசையாதபோதும் கரையலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது சதைக்கு வலுச் சேர்க்கிற பயிற்சி. மிதமான என்றால்? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. தெப்பக்குளத்தில் அரசியல் பேசிக்கொண்டே உலாத்துகிற கோஷ்டி ஒன்று உண்டு. அவர்கள் கச்சேரியே வைக்கலாம்.

வலுப் பயிற்சியை நம் ஊரில் பையன்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். முப்பது நாற்பதைத் தாண்டினால் சதை மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதில் தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாததற்கு அது முக்கியக் காரணம். ஜிம்முக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பத்துப் பத்தாக மூன்று தடவை செய்தால் தொடை சொல்லும்.

இப்போது அந்த ஒல்லித் தம்பியிடம் வருவோம். பரம்பரை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று அறிய இரட்டையர்களை ஆராய்வார்கள். ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாக இருக்கிற, அச்சில் வார்த்த இரட்டையர்கள் பிறந்ததிலிருந்து வேறு வேறு வீட்டில் வளர்ந்தாலும் அவர்களுடைய பருமன் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதை 1990-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு கனடாவிலிருந்து இன்னொன்று வந்தது. க்ளோட் பூஷார் குழு 12 ஜோடி இளைஞர்களுக்கு, எல்லாம் அச்சு இரட்டையர், வாரத்தில் ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாள், தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்தது. எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல். சராசரியாக 8 கிலோ ஏறினார்கள். ஆனால் ஒருவர் 4 கிலோவோடு நின்றார், இன்னொருவர் 13 கிலோவைத் தாண்டினார். கூடப்பிறந்த இரட்டையரோ பெரும்பாலும் ஒரே அளவில் ஏறினார்கள், அதுவும் ஒரே இடத்தில். அண்ணனுக்குத் தொப்பை என்றால் தம்பிக்கும் தொப்பை.

நம் அண்ணன் தம்பி அச்சு இரட்டையர் இல்லை. சாதாரணக் கூடப்பிறந்தவர்களுக்குள் பெற்றோர் வழி வந்த மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதிதான் பொது. "ஒரே ரத்தம்" என்றாலும் சீட்டுக் கட்டைக் குலுக்கி இரண்டு முறை பிரித்த மாதிரி.

மிஞ்சிய கலோரி எங்கே போகிறது? அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. தப்பியவர்கள் உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை. அவர்கள் தம்மையறியாமல் அதிகம் அசைந்தார்கள்: எழுவது, நிற்பது, காலை ஆட்டுவது, இங்கும் அங்கும் போவது. தம்பியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இருந்த இடத்தில் இருக்க மாட்டார். போன் பேசும்போது தெருமுனைவரை நடந்து திரும்புவார். அண்ணன் காலை நடை முடிந்ததும் பத்து மணி நேரம் கல்லாவில். எடுத்துக் கொடுக்க இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.

மரபணுவின் பெரிய வேலை செரிமானத்தில் நடக்கிறது என்று நினைப்போம். பெரும்பகுதி நடப்பது மூளையில், பசியிலும் போதும் என்கிற உணர்விலும். பருமனோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான மரபணு இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறிது. 2007-இல் தெரியவந்த எஃப்டிஓ என்பதுதான் அவற்றில் பேர்போனது. அதன் பருமன் வகையை அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வாங்கியவர்கள், ஒருவரிடமிருந்தும் வாங்காதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். 3 கிலோ, 30 கிலோ அல்ல. சுறுசுறுப்பாக இருப்பவர்களிடம் இதன் தாக்கம் கால்பங்குக்கு மேல் குறைகிறது என்றும் பிறகு தெரிந்தது. ஆகவே "எனக்கு இலையில் இன்னொரு கரண்டி வைத்தால்தான் நிறைகிறது" என்பவரை நாக்கு ருசிக்காரர் என்று கேலி செய்வது நியாயமில்லை. அவருக்குள் மணி அடிப்பது உண்மையிலேயே தாமதமாகத்தான்.

பருமனில் பரம்பரையின் பங்கு 70 சதவீதம் என்றுகூடச் சில ஆய்வுகள் சொல்லும். இந்த எண்ணை நிறையப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். 84 கிலோவில் 59 கிலோ அப்பா கொடுத்தது என்று அர்த்தமில்லை. பெரியாறு பாசனத்தில் ஒரே வயலில் இரண்டு ரக நெல்லை நட்டு, தண்ணீரும் உரமும் ஒன்றாகக் கொடுத்தால் விளைச்சலில் வருகிற வித்தியாசம் முழுக்க விதையால் வந்தது. ஒரே ரகத்தைத் தலைமடையிலும் தண்ணீர் எட்டாத மேலூர்க் கடைமடையிலும் நட்டால் வித்தியாசம் முழுக்கத் தண்ணீரால் வந்தது. விதை அதேதான். எல்லாருக்கும் புரோட்டா கிடைக்கிற ஊரில், யார் குண்டாவார் என்பதை விதை பெருமளவு முடிவு செய்கிறது. ஊரே ஏன் குண்டானது என்பதற்கு விதையிடம் பதில் இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் விளைவித்துச் சாப்பிட்ட தாத்தாக்களின் மரபணுதான் நம்மிடமும் இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறையில் மரபணு மாறிவிடாது.

திடத்துக்கும் பரம்பரை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல குடும்பங்களை 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மூச்சுத்திறன் எக்கச்சக்கமாகக் கூடியது, சிலருக்குக் கொஞ்சம்கூட நகரவில்லை. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி குடும்ப வழி வந்தது. அலங்காநல்லூர் வாடிவாசலுக்காக ஒன்றாக ஓடி, ஒன்றாகக் கிணற்றில் நீந்தித் தயாராகிற நான்கு பையன்களில் ஒருவன் மட்டும் மற்றவர்களை மிஞ்சுவதில் இதுவும் சேர்த்தி.

சரி, சாப்பாடு. மதுரையில் உட்கார்ந்து இதைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்கிற ஊர் இது. கறி தோசை, பன் புரோட்டா, முட்டை வீச்சு, மேலே ஒரு ஜிகர்தண்டா. எதையும் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு முறை சாப்பிட்டால் கணக்கு ஒன்றும் கவிழாது. ஆனால் இதில் பெரிய ஆள் மாவு அல்ல, எண்ணெய். ஒரு கிராமுக்கு 9 என்று மேலே பார்த்தோமே, அது. மாவு பிசையும்போது எண்ணெய், ஊறவைக்க எண்ணெய், வீச எண்ணெய், கல்லில் எண்ணெய். ஒரு புரோட்டா சாதாரணமாக 250 முதல் 300 கலோரி போகும். எண்ணெயில் மிதந்து வருகிற பன் புரோட்டாவுக்கு இன்னும் கூட. நாலு சாப்பிட்டால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஒரு இட்லி 50 கலோரி போல. வித்தியாசம் அரிசி, கோதுமை என்பதில் இல்லை, ஆவியா எண்ணெயா என்பதில் இருக்கிறது.

இங்கே சில நம்பிக்கைகளை உடைத்தாக வேண்டும். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்கும் என்பார்கள். 100 கிராம் கோதுமை மாவிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான், 340 முதல் 350. இளைத்தவர்கள் இளைத்தது, சப்பாத்தியை எண்ணித் தின்றதால். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. கம்பும் அப்படித்தான். நார்ச்சத்து கூடுதல், வயிற்றில் அதிக நேரம் நிற்கும், அதனால் நல்லது. கலோரி குறைவு என்று நினைத்து இரண்டு மடங்கு குடித்தால் கூழும் தொப்பை போடும். கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் ருசி தனி. கலோரி வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்தில்தான். வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு, தேனிலும் கலோரி இருக்கிறது என்பதே பதில்.

நம் தட்டில் உண்மையான குறை புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு தினம் 0.83 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மலை போல சோறு, நடுவில் குழி, அதில் தெளிந்த சாம்பார், ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல் என்றால் அந்த 50 எட்டாது. புரதம் வயிற்றை நிறைத்த உணர்வைக் கூடுதல் நேரம் வைத்திருக்கும், எடை குறைக்கும்போது சதை கரையாமலும் காக்கும். சாயங்காலம் வடைக்குப் பதில் சுண்டல் என்று அண்ணனிடம் சொன்னது இதனால்தான். பாக்கெட் பலகாரத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2019-இல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு நாட்களில் தினம் 500 கலோரி போல அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

பட்டினி கிடந்து பத்து நாளில் ஐந்து கிலோ குறைப்பது தண்ணீரும் சதையும் போவதுதான் பெரும்பாலும். உடம்பும் செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டிவிடும். வாரம் அரைக் கிலோ போதும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரை, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தூக்கக் குறைவு இவையும் எடையை ஏற்றும். திடீரென்று காரணமில்லாமல் ஏறினாலும் இறங்கினாலும் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒல்லிக்குச்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு போட்டோ 2004-இல் வெளியாகி மருத்துவ உலகில் பிரபலமானது. இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு, பிஎம்ஐ, சொல்லிவைத்தாற்போல் 22.3. கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரர் உடம்பில் 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், உள்ளே கொழுப்பு: இது நம் நாட்டு உடல்வாகு. இதனால்தான் பிஎம்ஐ உலக அளவில் 25-இல் அதிக எடை என்றால், இந்தியர்களுக்கு 23-இலேயே எச்சரிக்கிறார்கள். அதைவிட எளிது இடுப்பு டேப். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, எக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது; நம்மில் பாதிப் பேர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம்.

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் இருவரையும் நிற்கவைத்து அளந்தேன். அண்ணனுக்கு 98. நடக்கத் தொடங்கியபோது தையல்காரர் குறித்து வைத்திருந்தது 104. எடை அதே 84. தம்பிக்கு 93. சட்டைக்குள்ளே அப்படி ஒன்று இருப்பது அவருக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் சர்க்கரை பார்த்ததில் எல்லைக் கோட்டில் வந்து நின்றது. இப்போது மூன்று பேராக நடக்கிறோம். தம்பிதான் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்குகிறார். அண்ணன் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "என்னடா, காத்தக் குடி" என்கிறார்.